ஃபோர்னலுச்சுக்கு நடந்தே போங்கள்

ஸ்பெயினின் மயோர்கா தீவுக்குப் போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாதீர்கள். தீவின் தலைநகரான பால்மாவிலிருந்து 1912 முதல் ஓடும் பழைய ரயிலில் ஏறி சோயெர் என்ற ஊரில் இறங்குங்கள். அங்கிருந்து பினியராஷ் என்ற சிற்றூர் வழியாக ஃபோர்னலுச்சு என்ற மலைக் கிராமத்துக்கு நடக்க ஒரு மணி நேரம் போதும். வழியெங்கும் ஆரஞ்சுத் தோப்புகள். என்னைக் கேட்டால் கார் வேண்டவே வேண்டாம். கிராமத்துச் சந்துகள் குறுகல், பல இடங்களில் கற்படிகள். அதனால் வழுக்காத காலணி முக்கியம்.

ஊருக்குள் போனதும் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். பழைய வீடுகளின் இறவாரத்து ஓடுகளில், அடிப்பக்கமாக, வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் செங்காவியால் சின்னச் சின்னச் சித்திரங்கள் தீட்டியிருப்பார்கள். அவ்வளவு அழகு!

அப்புறம், மதியத்தில் பல கடைகள் மூடிவிடும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மதியம் ஊரே ஓய்வெடுக்கும் நேரம், சந்துகளில் மெதுவாகப் பேசுங்கள்.