ஜிவாக் டெண்டர்: மார்க்கைப் போட்டுக்கொள்வது நாம்தான், பறிபோவதும் நம்மால்தான்

அமெரிக்க மத்திய அரசுக்கு ஐடி சேவை விற்கும் சிறு நிறுவனங்களிடம் பேசினால் அடிக்கடி ஒரு புலம்பல் காதில் விழும்: "எங்களை விட வேலை தெரியாதவங்க உள்ள போயிட்டாங்க, நாங்க வெளிய நிக்கிறோம்." உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஜிவாக் டெண்டர்களில் வேலை தெரியுமா என்பதை விட, அதைக் காகிதத்தில் காட்ட முடியுமா என்பதுதான் பெரும்பாலும் கேள்வி.

ஜிவாக் என்பது அரசு முழுமைக்குமான ஐடி ஒப்பந்தம். 1996-ல் வந்த கிளிங்கர்-கோஹன் சட்டம் இதற்கு வழிவிட்டது. ஓர் அமைப்பு பொது ஒப்பந்தம் போட்டு வைக்கும். மற்ற துறைகள் அதன் வழியாகத் தங்களுக்கு வேண்டிய வேலைகளை ஆர்டர் செய்யும். அரசுத் துறைகளுக்கான கொள்முதலைக் கவனிக்கும் ஜிஎஸ்ஏ அமைப்பின் அலையன்ட் 2, 8-ஏ ஸ்டார்ஸ் 3, வெட்ஸ் 2, நாசாவின் சூப் எல்லாம் இந்த வகை.

முதல் தவறு, இதைக் கட்டுரைப் போட்டியாக நினைப்பது. பல ஜிவாக்குகளில் நிறுவனம் தனக்குத் தானே மார்க் போட்டு ஸ்கோர் ஷீட்டை அனுப்ப வேண்டும். அரசு அதிக மார்க்கிலிருந்து கீழ்நோக்கி வரிசைப்படுத்தி, மேலே இருப்பவர்களின் ஆதாரங்களைத் திறந்து பார்க்கும். இடங்கள் நிரம்பியதும் மற்ற கோப்புகளை முழுதாகப் படிக்கக்கூட மாட்டார்கள். நம் அழகான நடைக்கு அங்கே வேலையே இல்லை.

ஒரு நிறுவனம் பழைய ப்ராஜெக்ட் ஒன்றுக்கு மார்க் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்த நகல், வேலை விவரம், அரசு ஒப்பந்த அதிகாரி கையெழுத்திட்ட படிவம் எல்லாம் வேண்டும். அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார். புதிதாக வந்தவருக்கு அந்த ப்ராஜெக்டைப் பற்றி எதுவும் தெரியாது. கையெழுத்து வாங்குவதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும். படிவத்தில் நாம் எழுதிய தொகை, ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு. அரசு உண்மையில் ஒதுக்கிய பணமோ அதில் பாதி. டெண்டர் எந்தத் தொகையைக் கேட்கிறது என்று யாரும் கூர்ந்து படிக்கவில்லை. ஐந்து ஆண்டுக்குள் நடந்த வேலை என்று நிபந்தனை இருக்க, நம் ப்ராஜெக்ட் ஐந்து ஆண்டு ஒரு மாதத்துக்கு முன்பு முடிந்திருக்கும். அந்த ஒரு மாதத்துக்குச் சலுகை கிடையாது.

சான்றிதழ்களிலும் இதே கதைதான். வேலை முறையின் தரத்தைக் காட்டும் சிஎம்எம்ஐ, ஐஎஸ்ஓ சான்றுகளின் ஆயுள் பொதுவாக மூன்று ஆண்டு. தேதியை விடவும் பெயர்தான் அதிகம் கவிழ்க்கும். சான்று தாய் நிறுவனத்தின் பெயரில் இருக்கும், டெண்டர் போடுவது துணை நிறுவனமாக இருக்கும். இரண்டும் ஒரே மாடியில் இயங்குகின்றன என்பது மதிப்பிடுபவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் போதாது. டெண்டர் அனுமதித்தால், உறவை விளக்கும் உறுதிமொழிக் கடிதம் இணைக்க வேண்டும்.

கேட்ட மார்க்குக்கு ஆதாரம் நிற்காவிட்டால் அது கழிக்கப்படும், வரிசையில் நாம் சறுக்குவோம். என் வழக்கம் இது: இரண்டு ஸ்கோர் ஷீட் போடச் சொல்வேன். ஒன்று, நாம் நம்பும் மார்க். இன்னொன்று, ப்ராஜெக்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு சக ஊழியர் கோப்பை மட்டும் வைத்து, பக்க எண்ணோடு கண்டுபிடித்த மார்க். அனுப்ப வேண்டியது இரண்டாவது. முதல் முறை இதைச் செய்யும்போது வித்தியாசத்தைப் பார்த்துக் கோபம்தான் வரும்.

அப்புறம் ஜேவி, அதாவது கூட்டு நிறுவனம். பெரிய நிறுவனம் வழிகாட்டியாக, சிறியது அதன் கீழ் வளர்வதாகக் கூட்டு சேரலாம். ஆனால் ஜேவி தனி நிறுவனம். அதற்குத் தனி யுஇஐ எண் (அரசு தரும் அடையாள எண்), அரசோடு வியாபாரம் செய்பவர்கள் பதிவு செய்யும் சாம் தளத்தில் தனிப் பதிவு வேண்டும். ஜேவி செய்யும் வேலையில் குறைந்தது 40% சிறிய நிறுவனம் செய்தாக வேண்டும். அதே சமயம் சிறிய நிறுவனத்துக்குப் பாதுகாப்பும் உண்டு. மற்ற போட்டியாளர்களுக்கு வைக்கும் அதே அளவுகோலை அது தனியாக எட்ட வேண்டும் என்று கேட்கக் கூடாது என்பது விதி. ஜிஎஸ்ஏவின் போலாரிஸ் டெண்டர் 2023-ல் நீதிமன்றத்தில் அடிவாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

'சிறு நிறுவனம்' என்ற தகுதியையும் ஊகித்துவிடக் கூடாது. கணினி அமைப்பு வடிவமைப்புக்கான 541512 என்ற தொழில் வகைக் குறியீட்டில், ஐந்து ஆண்டுச் சராசரி வருமானம் 3.4 கோடி டாலரைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் வரம்பு வைத்தார்கள். இதில் இணை நிறுவனங்களின் வருமானமும் சேரும். மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ இருக்கும் கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் இருந்தால் அதுவும் கணக்கில் வரக்கூடும். போட்டியாளர் இதைத் தோண்டி எடுப்பார், சந்தேகமே வேண்டாம்.

சாம் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கோப்பு அனுப்பும் நாளில் அது காலாவதியாகியிருந்தால் மிச்சம் எல்லாமே வீண். கடைசி மணி நேரத்தில் அப்லோட் செய்வதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

டெண்டர் விதியிலேயே கோளாறு தெரிந்தால், "முடிவு வரட்டும், பார்க்கலாம்" என்று காத்திருப்பது இன்னொரு தவறு. கண்ணுக்குத் தெரிந்த கோளாறை எதிர்த்து, டெண்டர் புகார்களை விசாரிக்கும் அரசுத் தணிக்கை அமைப்பான ஜிஏஓவிடம் புகார் செய்வதானால், சமர்ப்பிக்கும் கெடுவுக்கு முன்பே செய்ய வேண்டும். தோற்ற பிறகு அதே காரணத்தைச் சொன்னால் எடுபடாது. அதே போல, அறிவித்த தேதியில் முடிவு வரும் என்று நம்பி ஆள் எடுத்துவிடாதீர்கள். 2021-ல் வெளியான, தேசிய சுகாதார அமைப்பின் (என்ஐஎச்) சிஐஓ-எஸ்பி4 என்ற ஜிவாக் டெண்டர் நூற்றுக்கணக்கான புகார்களில் சிக்கியது. யாரை அடுத்த கட்டத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்த விதம் சரியில்லை என்று 2023-ல் ஜிஏஓ சொன்னது. ஐடி ஜிவாக்குகளை ஜிஎஸ்ஏவின் பொறுப்பில் கொண்டுவர 2025 மார்ச்சில் அதிபர் ஆணை வந்ததையும் கணக்கில் வையுங்கள். யார் நடத்துவது என்பதே மாறலாம்.

சரி, ஜெயித்தாயிற்று. இப்போது வேலை தானாக வருமா? வராது. துறைகள் ஜிவாக் வழியாகத் தரும் ஒவ்வொரு டாஸ்க் ஆர்டருக்கும் உள்ளே இருக்கும் மற்றவர்களோடு மறுபடியும் போட்டி. எந்தத் துறை என்ன வாங்கப் போகிறது என்று தேடிப் போய்ப் பேச ஆள் வேண்டும். டெண்டர் எழுதவே பட்ஜெட்டைக் கரைத்துவிட்ட நிறுவனங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. விலை போடும்போது ஜிஎஸ்ஏவின் கட்டணத்தையும் மறக்கிறார்கள். அதன் ஐடி ஜிவாக்குகளில் அது 0.75%, துறையிடம் வசூலித்து ஜிஎஸ்ஏவுக்குக் கட்ட வேண்டியது ஒப்பந்ததாரர். 1 கோடி டாலர் ஆர்டரில் அது 75,000 டாலர். விலையில் சேர்க்காமல் விட்டால் அது சொந்த லாபத்திலிருந்துதான் போகும்.