டிமென்ஷியா உள்ளவங்கள சின்ன முதியோர் ஹோம்ல அவங்கவங்களுக்கு ஏத்த மாதிரி பாத்துக்கறது எப்படி

டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் யோசிக்கிற திறனும் குறைஞ்சுட்டே போற நோய், உள்ள ஆறேழு பேர் மட்டும் இருக்கற, ஒரு குடும்பமே சேர்ந்து நடத்துற ஹோம்ல ஒரு பெரிய வசதி இருக்கு, நேரத்த நம்ம இஷ்டத்துக்கு வளைச்சுக்கலாம். பெரிய இடத்துல காலை எட்டு மணிக்கு குளியல்னா எல்லாருக்கும் எட்டு மணிதான், நமக்கு அந்தக் கட்டாயம் இல்ல. இந்த வசதிய பயன்படுத்தலன்னா சின்ன ஹோம் நடத்தி பிரயோஜனமே இல்லன்னு நான் நினைக்கிறேன்.

ஒருத்தர் வர்றதுக்கு முன்னாடியே அவங்க குடும்பத்தோட உக்காந்து பேசுங்க. ரிப்போர்ட்ட மட்டும் வாங்கி வச்சுக்காம, எத்தன மணிக்கு எழுந்திரிப்பாங்க, என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாப்பாங்க, என்ன வேலை பாத்தாங்க, எதுக்கு பயப்படுவாங்க, காது மெஷின் எந்தக் காதுக்குன்னு எல்லாத்தையும் கேளுங்க. ஒரே ஒரு பக்கத்துல எழுதி அவங்க அலமாரி கதவோட உள்பக்கம் ஒட்டிடுங்க, நைட் டூட்டிக்கு புதுசா வர்றவங்களும் படிக்கணும்.

எங்ககிட்ட ஒரு அம்மா வந்தாங்க, தட்ட வச்சா தள்ளி விட்டுட்டே இருப்பாங்க. பசி இல்ல போலன்னு பத்து நாள் நெனச்சோம், எடையும் குறைஞ்சுது. அப்புறம் அவங்க மருமகதான் சொன்னாங்க, அத்த வாழ்நாள்ல ஒரு நாள் கூட மத்தவங்களுக்கு முன்னாடி சாப்பிட்டதில்லன்னு. மறுநாள் கரண்டிய அவங்க கையில கொடுத்தோம், எல்லாருக்கும் நடுங்குற கையால பரிமாறிட்டு, எல்லாரும் வாயில வச்சாச்சான்னு ஒரு சுத்து பாத்துட்டு, அவங்களா உக்காந்து சாப்பிட்டாங்க.

குளிக்க வைக்கறதுலதான் அதிகமா சண்டை வரும். தலையில திடீர்னு தண்ணி விழுந்தா அவங்களுக்கு யாரோ அடிக்கிற மாதிரி இருக்கும். ரூம முதல்ல கதகதப்பாக்குங்க, தோள்ல பெரிய துண்ட போத்தி விட்டு பாதத்துல இருந்து ஆரம்பிங்க, சோப்ப அவங்க கையிலயே கொடுங்க, தலைக்கு கடைசியா. இன்னைக்கு வேண்டாம்னா விட்டுடுங்க, வெதுவெதுப்பான துணியால தொடச்சு விட்டா போதும்.

சாயங்காலம் ஆனா சில பேருக்கு பதட்டம் கூடும், வீட்டுக்குப் போகணும்னு கெளம்பிடுவாங்க. இதாம்மா வீடுன்னு வாதாடாதீங்க, வீட்டுல யாரெல்லாம் இருப்பாங்கன்னு கேட்டுக்கிட்டே கூட நாலு நடை நடங்க. இருட்டறதுக்கு முன்னாடியே லைட்ட போட்டுடுங்க, நிழலப் பாத்தே பயப்படுவாங்க. கருப்பு கால்மிதி தரையில பள்ளம் மாதிரி தெரியலாம், அத எடுத்துடுங்க. வெள்ளத் தட்டுல வெள்ள சாப்பாடும் கண்ணுக்கே தெரியாது, கலர் தட்டு வாங்குங்க. சாப்பிடும்போது நிமிர்ந்து உக்காரணும், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வேண்டாம்.

இத மட்டும் தயவுசெஞ்சு மறக்காதீங்க. நேத்து வரைக்கும் நல்லா இருந்தவங்க ஒண்ணு ரெண்டு நாள்ல திடீர்னு ரொம்ப குழம்பினா, அது நோய் முத்திடுச்சுன்னு விட்டுடாதீங்க. யூரின் இன்ஃபெக்‌ஷன், மலச்சிக்கல், உடம்புல தண்ணி குறையறது, புது மாத்திரை, வாய்விட்டுச் சொல்ல முடியாத வலி, இதுல ஏதாவது ஒண்ணா இருக்கலாம், உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. கத்துறாங்கன்னு மனநோய்க்கான மருந்த கேட்டு வாங்கி அமைதியாக்க நெனைக்காதீங்க, டிமென்ஷியா உள்ள வயசானவங்களுக்கு அதனால உயிருக்கே ஆபத்து கூடும்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005லயே எச்சரிச்சிருக்கு. டிமென்ஷியாவுல லூயி பாடின்னு ஒரு வகை இருக்கு, அதுன்னா இந்த மருந்து இன்னும் ஆபத்து, அதனால எந்த வகைன்னு டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

குடும்பமே நடத்துறதால லீவே இல்லாம போயிடும், வாரத்துல ஒரு முழு நாளாவது ஒவ்வொருத்தரும் வெளிய போகணும், தூக்கம் கெட்டவங்களால பொறுமையா பேச முடியாது. டூட்டி முடிஞ்சு போறப்ப அடுத்து வர்றவங்களுக்காக நோட்டுல எழுதிட்டுப் போங்க, "நல்லா இருந்தாங்க"ன்னு இல்ல, "மூணு மணிக்கு ஜன்னல் பக்கம் உக்கார வச்சதும் அமைதியானாங்க"ன்னு.

அலமாரியில ஒட்டின அந்தப் பக்கத்த பென்சில்ல எழுதுங்க, மாசத்துக்கு ஒரு தடவையாவது அழிச்சு மாத்த வேண்டி வரும்.