ஈயடிச்சான் காப்பி ஆகாமல் போட்டோவை வெக்டாரில் வரைவது எப்படி?

போட்டோவைப் பார்த்து அச்சு அசலாக வெக்டாரில் (அதாவது கணினியில், பிக்சல்களுக்குப் பதில் கோடுகளும் வடிவங்களுமாக) வரைந்து வெளியிட்டால் பெரும்பாலும் இரண்டு விதமான பேச்சுதான் வரும். ஒன்று, "அட, இது போட்டோ இல்லையா?" இன்னொன்று, "போட்டோ மாதிரியே இருக்கணும்னா போட்டோவையே வெச்சுக்கலாமே, இதுல கலை எங்க இருக்கு?" இரண்டாவது கேள்வி எரிச்சல் மூட்டினாலும் நியாயமானதுதான். அதற்கான பதிலை வரைந்து முடித்த பிறகு தேட முடியாது, வரையும்போதே வேலைக்குள் வைத்தாக வேண்டும். அதனால் செய்முறையையும் அந்தக் கேள்வியையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் எதை வரைவது? எல்லோரும் நேராக ஒரு முகத்தில்தான் கை வைப்பார்கள். வேண்டாம். கண் ஓரம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஆள் மாறிவிடும். ஒரு குரோம் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க மிரட்டும், ஆனால் உற்றுப் பார்த்தால் வெளிச்சமும் கறுப்புமாகக் கூர்மையான ஓரங்கள் உள்ள பட்டைகள்தான், அவற்றில் ஒன்று சற்று வளைந்தாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை.

போட்டோவை நீங்களே எடுங்கள். சட்டச் சிக்கல் ஒரு காரணம். தெருக் கலைஞர் ஷெப்பர்ட் ஃபேரி 2008இல் செய்த ஒபாமா போஸ்டர் ஒரு செய்தி நிறுவனத்தின் போட்டோவிலிருந்து வந்தது, அதைச் சுற்றி எழுந்த வழக்கு 2011இல் சமரசத்தில்தான் முடிந்தது. பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் எடுத்த போட்டோவை வைத்து பிரபல பாப் ஆர்ட் ஓவியர் ஆண்டி வார்ஹோல் செய்த படத்தை, அவர் பெயரிலான அறக்கட்டளை ஒரு பத்திரிகைக்கு உரிமம் கொடுத்த விவகாரத்தில், 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் போட்டோகிராஃபர் பக்கம்தான் நின்றது. வார்ஹோலுக்கே அந்த நிலை என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம். ஆனால் சட்டத்தைவிட முக்கியமான காரணம் வேறு: நீங்கள் எடுத்த போட்டோ என்றால் அந்தப் பொருளை நேரில் பார்த்திருப்பீர்கள். அது ஏன் முக்கியம் என்று கீழே வருகிறது.

கருவி என்று பார்த்தால் கிரேடியன்ட் மெஷ்தான் இந்த வேலையின் முதுகெலும்பு: வடிவத்தின் மேல் ஒரு வலையை விரித்து, கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் கொடுத்தால், நடுவில் நிறங்கள் ஒன்றோடொன்று கரையும். அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் 1998இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து இருக்கிறது, கோரல்டிராவில் மெஷ் ஃபில் என்பார்கள், காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் இங்க்ஸ்கேப்பிலும் உண்டு. போட்டோவைத் தானாகவே வெக்டாராக மாற்றும் இமேஜ் ட்ரேஸ் பட்டனை மட்டும் மறந்துவிடுங்கள். அது நிறத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கும், எந்தத் துண்டு ஏன் அங்கே இருக்கிறது என்று அதற்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

போட்டோவை அடி லேயரில் வைத்துப் பூட்டுங்கள். மேலே வரைவதற்கு வசதியாக அதை மங்கலாக்கலாம், ஆனால் மங்காத இன்னொரு பிரதியை ஆர்ட்போர்டுக்கு (வரையும் பக்கத்துக்கு) வெளியே ஓரமாக வைத்து, நிறத்தை அதிலிருந்து மட்டும் எடுங்கள். நிறத்தை எடுக்கும் ஐடிராப்பர் கருவியை டபுள் கிளிக் செய்து, ஒரே ஒரு பிக்சலுக்குப் பதில் 3×3 அல்லது 5×5 சராசரியை எடுக்கும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் போட்டோவில் உள்ள புள்ளி இரைச்சலெல்லாம் உங்கள் மெஷ்ஷில் திட்டுத் திட்டாக ஏறிவிடும்.

அப்புறம் பொருளைப் பாகங்களாகப் பிரிக்க வேண்டும், புதிதாகச் செய்பவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். குழாய் முழுவதற்கும் ஒரு அவுட்லைன் போட்டு அதை அப்படியே மெஷ் ஆக்கினால் கோடுகள் பின்னிப் பிணைந்து கிடக்கும், எதையும் நகர்த்த முடியாது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சாதாரணச் செவ்வகத்தில் தொடங்குங்கள், ஒரே ஒரு வரிசை, ஒரே ஒரு நிரல் போதும். அதன் நான்கு மூலைகளையும் இழுத்து, பக்கங்களை வளைத்து, பாகத்தின் வடிவத்துக்குப் படிய வையுங்கள். அதன் பிறகுதான் கோடுகளைச் சேர்க்க வேண்டும், அதுவும் பொருள் எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் போக்கிலேயே. இரண்டு கோடுகள் நெருங்கினால் நிறம் சட்டென்று மாறும், விலகினால் மெதுவாகக் கரையும். இந்த ஒரு விஷயம் கைக்குப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு புள்ளி வேண்டுமென்று வைத்தாலும் கோடு அந்த மெஷ் முழுக்க ஓடும் என்பதால், பத்துப் பதினைந்து கோடுகளைத் தாண்டினால் அந்தப் பாகத்தை இரண்டாக வெட்டுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வடிவத்தை மெஷ் ஆக்க முடியாது, அதற்குக் கிளிப்பிங் மாஸ்க், அதாவது மேலே வைக்கும் ஒரு வடிவத்துக்கு வெளியே உள்ளதை மறைக்கும் வசதி.

பாதி வேலை ஆனதும் போட்டோவை மறைத்துவிடுங்கள். ஆமாம், முழுவதுமாக. எழுந்து போய் அந்தக் குழாயை நேரில் பாருங்கள். போட்டோவில் கட்டியான கறுப்பாக இருக்கும் நிழலுக்குள் கண்ணுக்கு இரண்டு மூன்று சாயல்கள் தெரியும், கேமரா அதைத் தின்றுவிட்டது. கிட்டே வைத்து எடுத்திருந்தால் முன்பக்கம் ஊதிப்போய் இருக்கும், அது குழாயின் வடிவம் இல்லை, லென்ஸின் வேலை. அதைவிடப் பெரிய வேடிக்கை, குழாயின் வயிற்றில் குட்டியாக ஒரு உருவம் தெரியும்: போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நீங்கள்.

ஈயடிச்சான் காப்பி கதை தெரியும்தானே? மூலத்தில் ஒரு ஈ நசுங்கி ஒட்டிக்கொண்டிருக்க, பிரதி எடுத்தவர் மெனக்கெட்டு ஒரு ஈயை அடித்து அதே இடத்தில் ஒட்டினாராம். குழாயில் தெரியும் அந்தக் குட்டி உருவத்தை யோசிக்காமல் மெஷ் போட்டு வரைந்தால் நீங்களும் அந்த ஈயைத்தான் ஒட்டுகிறீர்கள்.

அதற்காக ஈயை எடுத்துவிடுவதுதான் கலை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்க ஓவியர் சக் குளோஸ் 1967-68இல் தன் முகத்தையே சுமார் ஒன்பது அடி உயரத்துக்குக் கட்டம் போட்டு வரைந்தபோது, போட்டோவில் ஃபோகஸ் தவறி மங்கியிருந்த காது ஓரத்தையும் மங்கலாகவே வரைந்தார். கேமரா எப்படிப் பார்க்கிறது என்பதுதான் அவருக்கு விஷயம். இன்னொரு அமெரிக்க ஓவியரான ரிச்சர்ட் எஸ்டஸ் நேர் எதிர். நியூயார்க் கடைக் கண்ணாடிகளைப் பல போட்டோக்களிலிருந்து சேர்த்து, எந்த ஒரு போட்டோவிலும் இல்லாத அளவுக்கு எல்லாவற்றையும் கூர்மையாக வரைந்தார். இருவரும் போட்டோவைப் பார்த்துத்தான் வரைந்தார்கள், ஆனால் எதை வைத்துக்கொள்வது என்பதைப் போட்டோவிடம் விடவில்லை. என் கணக்கில் காப்பிக்கும் கலைக்கும் நடுவே உள்ள கோடு அதுதான். பழகுவதற்காக ஈயோடு சேர்த்துக் காப்பி அடிப்பதிலும் தப்பில்லை, கை அப்படித்தான் தேறும், அதைப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டால் சரி.

மீதி வேலை சில்லறை. வெக்டார் ஓரங்கள் கத்தரியால் வெட்டியது போல நிற்கும், அங்கங்கே மெல்லிய பிளெண்ட் ஒன்றை (ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக மாறும் பட்டை) ஓரத்தில் ஓடவிட்டால் அடங்கும். நிழலுக்கு, அடியில் உள்ள நிறத்தைக் கருமையாக்கும் மல்டிப்ளை முறை. தூய வெள்ளையை ஒன்றிரண்டு இடத்துக்கு மேல் வைக்காதீர்கள், எல்லாமே பளபளத்தால் எதுவும் பளபளக்காது.

சேமிக்கும்போது ஒரு எச்சரிக்கை. எஸ்விஜி கோப்பில் மெஷ்ஷைப் பிரவுசர்கள் நேரடியாகக் காட்டாது, அதனால் அச்சுக்குப் பிடிஎஃப், திரைக்குப் பிஎன்ஜி. மூலக் கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோலையும் ஒய்யையும் சேர்த்து அழுத்தினால் நிறமெல்லாம் போய் வலை மட்டும் தெரியும், அதையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "இது போட்டோதானே" என்று கேட்பவருக்கு அதைக் காட்டலாம். கலையா என்று கேட்பவருக்கு, அசல் போட்டோவையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.