பேலட் கட்டையில் ஒரு சாவிப் பலகை

பெங்களூரில் பழைய மரத்துக்குப் பஞ்சமே இல்லை. பீன்யா பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் சரக்கோடு வரும் பேலட்டுகள், அதாவது சரக்கை அடுக்கும் மரத்தட்டுகள், உடைந்தால் பெரும்பாலும் காயலான் கடைக்குத்தான் போகும். குஜரி என்று கேட்டால் வழி காட்டுவார்கள். வாசல் பக்கம் மாட்ட ஒரு சாவிப் பலகைக்கு 45 செ.மீ. நீளத்தில் ஒரே ஒரு பலகை போதும்.

எதை எடுப்பது என்பதில்தான் பாதி வேலை. ஏற்றுமதி பேலட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை குத்தியிருக்கும். அதில் எச்.டி. (HT) என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடுபடுத்தியது, தாராளமாக எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். முத்திரை இல்லாததும் நிறைய வரும். எண்ணெய்க் கறையோ கெமிக்கல் வாடையோ இருந்தால் தொடாதீர்கள். பலகையைத் தரையில் தட்டும்போது சின்ன ஓட்டைகளிலிருந்து மாவாகத் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது, எவ்வளவு அழகான பலகையானாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்து ஆணி. பலகையைப் பிடித்து நெம்பினால் பிளந்துவிடும். பின்பக்கம் முனை தெரிந்தால் சுத்தியலால் தட்டி, தலை மேலே எழும்பியதும் குறடால் பிடுங்குங்கள். அசையவில்லையா, இடுக்கில் ஆக்சா பிளேடை விட்டு ஆணியையே அறுத்துவிடலாம். கையுறை கட்டாயம். பிடுங்கிய துரு ஆணிகளை எறியாதீர்கள், வேலை இருக்கிறது.

அளவுக்கு அறுத்து, நாலைந்து நாள் காற்றோட்டமான இடத்தில் காயவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு 80 நம்பர் உப்புத்தாளாலும் பிறகு 120-ஆலும் நார் ஓடும் திசையிலேயே தேயுங்கள். சிலாம்பு குத்தாத அளவுக்குப் போதும். ரம்பத் தடமும் ஆணி ஓட்டையைச் சுற்றிய கறுப்பு வளையமும் இருக்கட்டும், அதையெல்லாம் வழித்து வழவழப்பாக்குவதானால் புதுப் பலகையே வாங்கியிருக்கலாமே!

இப்போது நிறம். அந்தத் துரு ஆணிகளை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூழ்கும்வரை வெள்ளை வினிகர் ஊற்றி, சில நாள் விடுங்கள். வாயு வரும், அதனால் மூடியை இறுக்காதீர்கள். பலகையில் முதலில் பால் சேர்க்காத கெட்டி டீ டிகாஷனைப் பூசிக் காயவிட்டு, பிறகு வடிகட்டிய வினிகரைப் பூசினால், டீயில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து மரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலும் பழுப்புமாக மாறும். பைன் மரத்தில் டானின் குறைவு என்பதால்தான் டீ. மரத்துக்கு மரம் நிறம் மாறும், துண்டுக்கட்டையில் பூசிப் பாருங்கள்.

நன்றாகக் காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு கை தேயுங்கள். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயவையுங்கள்.

கொக்கிகளுக்கு முதலில் மெல்லிய பிட்டால் துளை போட்டுவிட்டு முடுக்குங்கள், இல்லாவிட்டால் ஓரம் வெடிக்கும். சுவரில் 6 மி.மீ. துளை, அதற்கேற்ற பிளக், இரண்டு ஸ்குரு. வாடகை வீடென்றால் ட்ரில்லைக் கையில் எடுப்பதற்கு முன் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அட்வான்ஸில் கழித்துவிடுவார்.