தோட்டப்புறப் பட்டறை வேலைக்கு ஏற்ற தகட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்ட நகரத்தில் பட்டறைக்கு வரும் வேலைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. காலையில் செம்பனைக் குலை ஏற்றும் தள்ளுவண்டிக்குத் தொட்டி கேட்டு ஒருவர் வருவார். மதியம் ரொட்டி சானாய்க் கடைக்கு மேசை வேண்டும் என்பார் இன்னொருவர். மாலையில் கோவில் அன்னதானக் கூடத்து அடுப்பின் மேல் மாட்டப் புகைக்கூண்டு கேட்பார்கள். இந்த மூன்றையும் ஒரே தகட்டில் வெட்டிக் கொடுக்க முடியாது. ஆனாலும் இரும்புக் கடையில் பெரும்பாலோர் முதலில் விலையைக் கேட்கிறார்கள், பிறகு தடிமனைக் கேட்கிறார்கள், அத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். தகட்டின் மேல் என்ன படப்போகிறது என்பதை முதலிலும், நம் பட்டறையில் இருக்கும் கருவிகளால் அதை வளைத்து, வெல்டிங் செய்து ஒட்ட முடியுமா என்பதை அடுத்தும் முடிவுசெய்த பிறகே தடிமனுக்கும் விலைக்கும் வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மழையில் நனையாத இடத்துக்கும், ஆண்டுதோறும் சாயம் பூசிப் பராமரிக்க ஆள் இருக்கும் பொருளுக்கும் சாதாரண இரும்புத் தகடே போதும். இதில் இரண்டு வகை உண்டு. சூட்டில் உருட்டிய தகடு கருநீலமாக, மேலே செதில் படிந்து வரும்; விலை குறைவு; டிராக்டர் இழுவண்டியின் அடித்தட்டு, தாங்கிகள், அடைப்புகள் போன்ற கனமான வேலைக்கு அது பொருத்தமானது. அந்தச் செதிலைத் தேய்த்து எடுக்காமல் மேலேயே சாயம் பூசினால், சில மாதங்களில் செதில் பெயரும்போது சாயமும் சேர்ந்து பெயர்ந்துவிடும். குளிர்நிலையில் உருட்டிய தகடு வழுவழுப்பாகவும் தடிமன் சீராகவும் இருப்பதால் அலமாரி, பெட்டி, கருவி மூடி போன்று பார்வைக்கு வைக்கும் வேலைக்கு அதையே எடுக்க வேண்டும். ஆனால் அது மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு வருவது. எண்ணெயைத் துடைத்த நாளிலேயே முதல் சாயம் ஏறிவிட வேண்டும், இல்லாவிட்டால் நம் ஊர் ஈரக் காற்றில் மறுநாளே துரு அரும்பும்.

வெளியில் நிற்கும் பொருளுக்கு, அதாவது கூரை ஓரத்தில் மழைநீரை வடிக்கும் நீர்த்தாரை, மோட்டார் கொட்டகைச் சுவர், கோழிக்கூண்டுக் கூரை போன்றவற்றுக்கு, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு ஏற்றது. துத்தநாகம் இரும்புக்கு முன்பாகத் தானே அரிபட்டு இரும்பைக் காப்பதால், சிறு கீறல் விழுந்தாலும் அந்த இடம் உடனே துருப்பிடிப்பதில்லை. பூச்சின் அளவைக் கேட்டு வாங்குவது முக்கியம்: இஸட் 275 என்று குறித்த தகட்டில் இருபக்கமும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் இருக்கும், அதாவது பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இதைவிட மெல்லிய பூச்சுள்ள தகடும் பார்வைக்கு ஒன்றுபோலவே பளபளக்கும். இந்தத் தகட்டை வெல்டிங் செய்யும்போது கவனம் தேவை. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிறது. இரும்பு உருகுவதற்கோ அதைவிட மிக அதிகமான சூடு வேண்டும். ஆகவே ஒட்டு விழுவதற்கு முன்பே வெண்புகை எழும்பும், ஒட்டின் ஓரத்தில் பஞ்சுபோன்ற வெள்ளைத் தூள் படியும், ஒட்டுக்குள் காற்றுத் துளைகள் விழும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரலாம். ஒட்டும் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் சுவாசக் கவசம் அணிந்து வேலை செய்து, முடிந்ததும் துத்தநாகச் சாயத்தை அந்த இடத்தில் பூச வேண்டும். முடிந்தால் ரிவெட்டோ போல்ட்டோ போட்டு இணைப்பது இன்னும் நல்லது.

தோட்ட நகரத்துக்கே உரிய சிக்கல் உரத்தில் தொடங்குகிறது. அம்மோனியம் சல்பேட்டும் பொட்டாஷும் ஈரம் பட்டால் உப்புக் கரைசலாகி இரும்பையும் துத்தநாகத்தையும் ஒருசேர அரிக்கும். உரம் தூவும் தொட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன் அடிமூலையைப் பாருங்கள்: நடுத்தகடு நன்றாக இருக்கும், இரண்டு தகடுகள் மடிந்து சேரும் இடுக்கில் மட்டும் உரத்தூள் இறுகிக் கிடந்து, அங்கிருந்துதான் ஓட்டை விழுந்திருக்கும். இத்தகைய வேலைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டும், அதோடு மூலைகளைக் கூர்மையாக மடிக்காமல் உருட்டி வளைத்துக் கழுவ வசதியாக வைக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பொதுப்பெயரால் கேட்காமல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 304 என்பதில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. சமையலறை மேசை, புகைக்கூண்டு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் அது போதும். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருப்பதாலும், கேரித் தீவு போன்ற கடலோரத் தோட்டங்களில் காற்றிலேயே உப்பு இருப்பதாலும், அங்கே 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 தாக்குப்பிடிக்கும். 201 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவான வகை. வீட்டுக்குள் இருக்கும் கைப்பிடிக்கு ஆகும், உரத்துக்கும் உப்புக்கும் ஆகாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எந்த எண் வகை என்பது காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பலர் சொல்வது பாதி மட்டுமே சரி. 430 என்ற நிக்கல் சேராத வகை காந்தத்தில் ஒட்டும், அதனால் அதைப் பிரித்தறியலாம். ஆனால் 201, 304 இரண்டுமே பொதுவாக ஒட்டுவதில்லை. 304 கூட வளைத்த மூலையில் லேசாக இழுக்கும். எனவே பெரிய வேலையாக இருந்தால் தகட்டின் கலவையைக் காட்டும் ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குவதே வழி.

ரப்பர் பால் தொடும் பாத்திரங்களுக்கு ஒரு தனிக் கவனம் உண்டு. பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் கரைக்கும். பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியாவால் செம்பும் பித்தளையும் அரிபடுவதோடு, செம்பின் சிறு கலப்பே ரப்பரின் தரத்தைக் கெடுத்துவிடும். ஆகவே அந்தப் பாத்திரங்களில் ஒரு பித்தளைக் குழாய்முனைகூட இருக்கக் கூடாது.

எடை குறைய வேண்டிய இடத்தில்தான் அலுமினியம் தன் அருமையைக் காட்டும். தைப்பூசத்துக்குத் தோளில் சுமக்கும் காவடிச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அலுமினியத்தின் எடை இரும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் தகட்டின் விறைப்பு தடிமனின் கனமடங்காகக் கூடுவதால், தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகிறது. இதன்படி 1 மி.மீ. இரும்புத் தகட்டின் விறைப்பைப் பெற 1.45 மி.மீ. அலுமினியம் போதும், எடையோ பாதிதான் வரும். வளைத்து மடிக்கும் வேலைக்கு 5052 என்ற அலுமினியக் கலவை ரகத்தைக் கேளுங்கள். 6061 டி6 என்ற ரகம் வலிமையானது என்றாலும் இறுக்கி மடித்தால் வெளிப்பக்கம் விரிசல் விடும்.

தடிமனை எப்போதும் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். தடிமனைக் குறிக்கக் கடைகளில் சொல்லும் கேஜ் எண் உலோகத்துக்கு உலோகம், நாட்டுக்கு நாடு மாறுகிறது: 16 கேஜ் என்றால் பிரிட்டிஷ் அளவில் 1.63 மி.மீ., அமெரிக்க இரும்பு அளவில் 1.52 மி.மீ., அமெரிக்க அலுமினிய அளவில் 1.29 மி.மீ. அதோடு, 1.5 என்று விற்பது உண்மையில் அதைவிட மெல்லியதாக இருப்பதும் உண்டு. தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டர் கருவி இல்லாவிட்டால் எடை போட்டுப் பாருங்கள். 1 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ என்பதால், நான்கடிக்கு எட்டடித் தகடு 1.5 மி.மீ. தடிமனில் 35 கிலோ இருக்க வேண்டும். தராசு 30 கிலோ காட்டினால் உங்கள் கையில் இருப்பது 1.3 மி.மீ. தகடு. நீர்த்தாரைக்கு 0.5 அல்லது 0.6, புகைக்கூண்டுக்கு 1.0, கடை மேசைக்கு 1.2, தள்ளுவண்டித் தொட்டிக்கு 1.6, இழுவண்டி அடித்தட்டுக்கு 3 மி.மீ. என்று தொடங்கலாம். மேசைத் தகடு அமுங்கினால் தடிமனைக் கூட்டுவதற்கு முன் அடியில் ஒரு குறுக்குச் சட்டம் வைத்துப் பாருங்கள், செலவு குறையும்.

இனிக் கருவிகள். சாதாரண மின்கோல் வெல்டிங் மட்டுமே இருக்கும் பட்டறையில் 2 மி.மீ.க்குக் கீழான தகட்டை ஒட்டினால் எளிதில் ஓட்டை விழும். மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு, டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் கொண்டு ஒட்டும் டிக் வெல்டிங்கும், அலுமினியத்துக்கு ஏசி மின்னோட்டம் தரும் டிக் வெல்டிங்கும் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வெட்டவும் மடிக்கவும் இரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விசை தேவைப்படுகிறது, மடித்த பின் அது அதிகமாகத் திரும்பியும் நிமிர்கிறது. ஆகவே வரைபடத்தை முடிக்கும் முன் அதே தகட்டில் ஒரு துண்டை வெட்டி, உருட்டிய திசைக்குக் குறுக்காக மடித்து, மடிப்பின் இரு பக்கங்களின் நீளத்தையும் அளந்து கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

வாங்கி வந்த ஜி.ஐ. தகடுகளை ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இடையில் வெண்துரு பூக்கும். துடைத்து, கட்டை வைத்து, சற்றே சாய்த்து அடுக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை இரும்பு தேய்க்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள், பறக்கும் இரும்புப் பொறி அதில் ஒட்டித் துருப்புள்ளியாகும். அதைத் தேய்க்கும் தூரிகையும் தனியாக இருக்க வேண்டும். அதன் மேலுள்ள பிளாஸ்டிக் உறையை வேலை நடக்கும்வரை விட்டுவைத்து, பொருளை மாட்டிய அன்றே உரித்துவிடுங்கள். வெயிலில் விட்டால் பசை இறுகி உரிக்க வராது.