ஹைப்போவா, ஹைப்பரா? ரிப்போர்ட்டைப் பிரித்துப் படிக்கும் முறை

ஹைப்போ என்றால் குறைவு, ஹைப்பர் என்றால் மிகுதி. இரண்டும் மருத்துவ ரிப்போர்ட்டில் வரும் சொற்களின் முன்னால் ஒட்டும், கிரேக்கத்திலிருந்து வந்த முன்னொட்டுகள். போனில் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலவே விழும். தாளில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

சொல்லை வாலிலிருந்து பிரிப்பது சுலபம். ‘ஈமியா’ என்று முடிந்தால் இரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்றின் அளவு. அது எது என்பதை நடுத்துண்டு சொல்லும்: கிளைசீ என்றால் சர்க்கரை, நாட்ரீ சோடியம், கலீ பொட்டாசியம், கால்சீ கால்சியம். ஆக, ஹைப்போகிளைசீமியா என்பது தாழ்சர்க்கரை. பொதுவாக 70 மில்லிகிராம்/டெசிலிட்டருக்குக் கீழ். ஹைப்பர்கலீமியாவையும் ஹைப்பர்கால்சீமியாவையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். முன்னது பொட்டாசிய மிகுதி, அளவு மிகவும் ஏறினால் இதயத் துடிப்பையே குலைக்கும். நடுத்துண்டை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

தைராய்டில்தான் பலரும் தடுமாறுவது. ஹைப்போதைராய்டிசம் என்று எழுதியிருக்கும், டிஎஸ்ஹெச் அளவோ ஏறியிருக்கும். தவறில்லை. குறைந்திருப்பது தைராய்டு சுரப்பு. அதைத் தட்டி எழுப்ப, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்தான் டிஎஸ்ஹெச், அதனால் பெரும்பாலும் அது கூடும்.

எல்லா ஹைப்போவும் குறைவு அல்ல. உடற்கூற்றில் அது ‘கீழே’ என்றும் பொருள்படும்: ஹைப்போடெர்மிக் ஊசி தோலுக்கு அடியில் போவது, ஹைப்போதாலமஸ் மூளையில் தாலமஸ் என்ற பகுதிக்குக் கீழே இருப்பது.