மலையக வீட்டில் 4ஜி ரவுட்டர்: சிக்னல் தேடுவதிலிருந்து கரண்ட் போனாலும் ஓட வைப்பது வரை

பைபர் இணைப்பு டவுனோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் தோட்டத்து லயத்திலும் (தொழிலாளர் வரிசை வீடு) மேட்டு வீட்டிலும் இன்டர்நெட் என்றால் சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான். வாங்கி வந்ததும் ஹோலில் டீவிக்குப் பக்கத்தில் வைக்கிறோம். சிக்னல் லைட் சிவப்பில் நின்றால் "ரவுட்டர் சரியில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் ரவுட்டரில் பழுது இருப்பதில்லை, வைத்த இடம்தான் பிழை. அதனால் இந்த விளக்கத்தில் முதலில் அளப்பது, பிறகு வாங்குவது, கடைசியில்தான் அன்டெனா, பெட்டரி என்று காசு செலவழிப்பது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மலையில் ஏன் இத்தனை சிக்கல்? 4ஜி அலைகள் பெரும்பாலும் 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் வருகின்றன. இவை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். நடுவில் ஒரு மலை முகடு நின்றால் அதோடு சரி. ஒரே தோட்டத்தில் மேல் டிவிஷனில் வீடியோ ஓட, கீழே ஆற்றோரத்து லயத்தில் வட்ஸ்அப் செய்தி கூடப் போகாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். தகரக் கூரை மேலிருந்து வரும் சிக்னலைத் திருப்பி அனுப்பிவிடும். பனிமூட்டத்தைப் பலர் குறை சொல்கிறார்கள், ஆனால் இந்த அலைவரிசைகளில் அதன் பாதிப்பு மிகக் குறைவு. மழையில் நனைந்த இலைதான் சிக்னலைக் குடிக்கும். வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் சவுக்கு மரங்கள் அடர்ந்து நின்றால் வெயில் நாளுக்கும் மழை நாளுக்கும் வித்தியாசம் தெரியும்.

படி 1: போனை வைத்து அளவெடுங்கள்

திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். போனுக்குப் போன் அந்தக் கணக்கு மாறும். நமக்கு வேண்டியது ஆர்எஸ்ஆர்பி என்ற எண், அதாவது டவரிலிருந்து வரும் சிக்னலின் பலம். சாம்சங் போனில் *#0011#, மற்ற அண்ட்ரொய்ட் போன்கள் பலவற்றில் *#*#4636#*#*, ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் அது தெரியும். எதுவும் வேலை செய்யாவிட்டால் செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குள் போய் சிம் நிலையைத் திறந்தால் டிபிஎம் கணக்கில் ஓர் எண் இருக்கும். அளக்கும்போது போன் 4ஜியில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எண் மைனஸில் வரும். அதனால் -85 என்பது -105 ஐ விட நல்லது. -90 க்கு மேலே இருந்தால் கவலையே இல்லை. -90 முதல் -105 வரை சரியான இடத்தில் வைத்தால் நன்றாக ஓடும். -110 க்கும் கீழே போனால் வெளி அன்டெனா தேவைப்படும். -118, -120 என்றால் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். இந்த எண்ணில் 3 (அதாவது 3 டிபி) கூடினாலே வரும் சிக்னல் இரட்டிப்பாகிறது என்பதை மனதில் வையுங்கள். "நாலைந்துதானே" என்று விடக்கூடிய வித்தியாசம் அல்ல அது.

பேப்பரில் வீட்டின் படத்தைக் கிறுக்கிக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலுக்கும் வாசலுக்கும் போய் நில்லுங்கள். ஓரிடத்தில் அரை நிமிடமாவது நின்ற பிறகே எண்ணைக் குறியுங்கள், திரையில் எண் மாறச் சற்று நேரம் எடுக்கும். இடுப்புயரத்தில் ஒரு முறை, தலைக்கு மேலே கையைத் தூக்கி ஒரு முறை. பிறகு வேறு கொம்பனிகளின் சிம் உள்ள போன்களிலும் இதையே செய்யுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஐந்து நிமிடம் போனைக் கேட்டு வாங்கினால் போதும். எந்தக் கொம்பனியின் டவர் உங்கள் வீட்டைப் பார்க்கிறது என்பதை இந்தப் பேப்பர் சொல்லிவிடும். ஹட்டன் டவுனில் எது வேகம் என்று விசாரித்து சிம் வாங்குவதில் பயனில்லை.

இன்னொரு எண்ணும் உண்டு: எஸ்ஐஎன்ஆர். இது சிக்னலின் தெளிவு. 20 க்கு மேல் மிக நல்லது, 10க்கு மேல் போதும், 0 க்குக் கீழே போனால் ஆர்எஸ்ஆர்பி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேகம் வராது. எதிரெதிர் முகடுகளில் இரண்டு டவர்கள் இருந்து, இரண்டும் ஒரே பலத்தில் வந்து மோதும் இடங்களில் இப்படி ஆகும்.

கடைசியாக, அதிகாலையில் ஒரு வேகப் பரிசோதனையும் இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் இன்னொன்றும் செய்யுங்கள். காலையில் 20 எம்பிபிஎஸ், இரவில் 1 என்றால் டவரில் நெரிசல். அதற்கு அன்டெனா வாங்கினால் காசுதான் வீண். வேறு கொம்பனி அல்லது வேறு பேண்ட் (அலைவரிசை)தான் வழி.

படி 2: ரவுட்டர் வாங்கும்போது

முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெளி அன்டெனா செருக இரண்டு துளைகள் இருக்க வேண்டும். இன்றைக்குத் தேவையில்லாவிட்டாலும் அந்த இரண்டு துளைகளுக்காகவே கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். பெட்டியில் கெட் 4 என்று ரவுட்டரின் வேக ரகம் போட்டிருந்தால் உச்ச வேகம் 150 எம்பிபிஎஸ், கெட் 6 என்றால் 300. பலவீனமான சிக்னலில் இரண்டுமே அந்த எண்ணை நெருங்காது. கெட் 6 இரண்டு பேண்டுகளை ஒரே நேரத்தில் சேர்த்துப் பிடிக்கும் என்பதுதான் அதன் உண்மையான லாபம்.

பேண்ட் 3 (1800), பேண்ட் 40 (2300), பேண்ட் 8 (900) ஆகியவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். 900 மெகாஹெர்ட்ஸ் முகட்டைச் சற்று வளைந்து வரும், மரத்தையும் சுவரையும் ஓரளவு தாண்டும். கொம்பனி லொக் போட்டதா, எந்தச் சிம்மும் போடலாமா என்பதையும், வீட்டு பெக்கேஜ் ஓரிடத்துக்கு மட்டும் கட்டுப்பட்டதா என்பதையும் காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஐஎம்இஐ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஸ்டிக்கரில் உள்ள 15 இலக்க எண்ணை 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த ரவுட்டர் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். அந்த முதற்சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். "சிக்னல் பூஸ்டர்" என்று விற்கும் பெட்டிகளை அனுமதியில்லாமல் மாட்டாதீர்கள். பக்கத்து லயத்தின் சேவையையும் சேர்த்துக் கெடுக்கும்.

படி 3: வைக்கும் இடம்

பேப்பரில் நல்ல எண் வந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், மழைச் சாரல் படாதபடி, தலையுயரத்தில் ஒரு பலகை அடித்து வையுங்கள். டீவி, பிரிட்ஜ், கண்ணாடி பதித்த அலுமாரி இவற்றுக்குப் பின்னால் வேண்டாம். ரவுட்டரின் பக்கத்தை பிரவுசரில் திறங்கள். முகவரி அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 192.168.8.1 அல்லது 192.168.1.1. அங்கேயும் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் தெரியும். ரவுட்டரைக் கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு நிமிடம் காத்திருந்து குறியுங்கள். திருப்புவதால் மட்டும் 5 டிபி கூடும் வீடுகள் உண்டு.

அந்த ஜன்னல் வீட்டின் மூலையில் இருந்து, வை-ஃபை மற்ற அறைக்கு எட்டவில்லையா? அதற்காக ரவுட்டரை நடு வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். ரவுட்டர் ஜன்னலிலேயே இருக்கட்டும், லான் கேபிள் இழுத்து இன்னொரு பழைய ரவுட்டரை உள்ளே வையுங்கள். லான் கேபிள் 100 மீட்டர் வரை போகும். பழைய லயங்களின் கருங்கல் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை தாண்டாது, அங்கே 2.4 தான் சரி. லயத்தில் வீடுகள் ஒட்டியிருப்பதால் வை-ஃபை சனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் கூட்டம் குறைந்த ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள்.

படி 4: வெளி அன்டெனா

இங்கேதான் அதிகக் காசு வீணாகிறது. வீணாக்குவது பெரும்பாலும் அன்டெனா அல்ல, கேபிள். மெல்லிய ஆர்ஜி 58 கேபிள் 1800 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.8 டிபி தின்னும். 10 மீட்டர் போட்டால் 8 டிபி போய்விடும். 9 டிபி அன்டெனா வாங்கிய பலன் அங்கேயே கரைந்துவிட்டது. எல்எம்ஆர் 400 போன்ற தடித்த கேபிளில் மீட்டருக்கு 0.2 டிபி அளவுதான். மெல்லிய கேபிள்தான் கிடைக்கிறது என்றால் 3 மீட்டரோடு நிறுத்தி, ரவுட்டரைக் கூரைக்குப் பக்கத்தில் கொண்டு போய், கீழே லான் கேபிளை இறக்குங்கள். டிஷ் டீவி கேபிள் 75 ஓம், ரவுட்டருக்கு வேண்டியது 50 ஓம். மிஞ்சிய டிஷ் கேபிளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

துளையை நன்றாகப் பாருங்கள். வெளியே மரை, நடுவில் சிறு ஓட்டை இருந்தால் எஸ்எம்ஏ. மரை இருந்தும் நடுவில் ஊசி நீட்டிக்கொண்டிருந்தால் அது வை-ஃபைக்கான ரிவர்ஸ் எஸ்எம்ஏ. தவறான சோடியை மாட்டினால் மரை இறுகும், ஆனால் நடுவில் ஊசியும் ஊசியும் முட்டும், அல்லது இரண்டு பக்கமும் ஓட்டையாக இருந்து எதுவும் தொடாது. சிக்னல் முன்பை விடக் குறைந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிறிய ரவுட்டர்களில் மரையில்லாத டிஎஸ்9 துளை இருக்கும், லேசாக இழுபட்டாலும் கழன்றுவிடும்.

4ஜி இரண்டு பாதைகளில் ஓடுவதால் இரண்டு கேபிள்களையும் மாட்ட வேண்டும். ஒற்றை அன்டெனா மாட்டினால் எண் கூடும், வேகம் கூடாமல் போகலாம். இரண்டு தனி அன்டெனா என்றால் ஒன்றை இடப்பக்கம் 45 பாகை, மற்றதை வலப்பக்கம் 45 பாகை சாய்த்துப் பூட்டுங்கள். மாட்டிய பிறகு ரவுட்டர் பக்கத்தில் வெளி அன்டெனா என்று தெரிவு செய்ய மறக்க வேண்டாம். ஒருவர் மேலே பத்துப் பத்துப் பாகையாகத் திருப்ப, ஒருவர் கீழே எண்ணைச் சொல்ல வேண்டும். டவர் கண்ணுக்குத் தெரியாவிட்டால் முகட்டின் தாழ்ந்த பகுதியை நோக்கியும், எதிர்ப்பக்கத்துப் பாறை மலையை நோக்கியும் பாருங்கள். பாறையில் பட்டுத் திரும்பி வரும் சிக்னலும் பயன்படும். ஆர்எஸ்ஆர்பி அல்ல, எஸ்ஐஎன்ஆர் உச்சமாக இருக்கும் திசையில் பூட்டுங்கள்.

தென்மேல் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் அடிக்கும். பதுளை, பசறைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை மழை. எந்தப் பக்கம் என்றாலும் கேபிள் மூட்டில் தண்ணீர் இறங்கினால் சிக்னல் போய்விடும். மூட்டின் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் இறப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். சாதாரணக் கறுப்பு டேப் மட்டும் போதாது. வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளை முதலில் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றி உள்ளே எடுங்கள். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னல் அதிகம். வானம் இருட்டத் தொடங்கும்போதே அன்டெனா கேபிள், லான் கேபிள், பிளக் மூன்றையும் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் ஓஃப் செய்வது பாதுகாப்பு ஆகாது. இடி தலைக்கு மேலே வந்த பிறகு எந்த வயரையும் தொடக்கூடாது. உயரக் கம்பத்தில் அன்டெனா வைப்பவர்கள் கம்பத்துக்கு எர்த் போட வேண்டும். அதை மின்வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். பழைய லயங்களில் எர்த் வயர் இருந்தும் வேலை செய்யாமல் இருக்கலாம். அப்படியானால் சர்ஜ் பாதுகாப்பு உள்ள மல்ட்டி பிளக்கும் பெரிதாகக் காப்பாற்றாது.

படி 5: கரண்ட் போனாலும் ஓட

மரம் விழுந்து லைன் அறுந்தால் மணிக்கணக்கில் கரண்ட் வராது. இதற்குப் பெரிய யுபிஎஸ் தேவையில்லை, ரவுட்டருக்கு நேரடியாகக் கரண்ட் கொடுக்கும் சிறிய பெட்டரிப் பெட்டியான டிசி யுபிஎஸ் போதும். முதலில் ரவுட்டர் அடப்டரைப் படியுங்கள்: 12 வோல்ட் 1 அம்பியர் என்பது போல இருக்கும். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். அம்பியர் கூடலாம், குறையக்கூடாது. 9 வோல்ட் ரவுட்டரை 12 வோல்ட் துளையில் செருகினால் எரிந்துபோகலாம்.

செருகியின் வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் என்றாலும் உள் துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை. 2.5 செருகி 2.1 ஊசியில் போகும், ஆனால் தளர்வாக நிற்கும். மேசை ஆடினால் ரவுட்டர் அணைந்து அணைந்து ஓடும்.

எவ்வளவு நேரம் ஓடும்? யுபிஎஸ் ஸ்டிக்கரில் உள்ள எம்ஏஎச்சை (பெட்டரியின் கொள்ளளவு) 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுங்கள். 8800 எம்ஏஎச் என்றால் ஏறத்தாழ 32.5 வோட்-அவர். மாற்றத்தில் 15 வீதம் வீணாகும் என்று வைத்தால் 27 அல்லது 28 மிஞ்சும். ரவுட்டர் 7 வோட் எடுத்தால் நான்கு மணி நேரம். ஸ்டிக்கரைச் சரிபார்க்க ஒரு தராசு போதும்: 2200 எம்ஏஎச் செல் ஒன்று 45 கிராம் அளவில் இருக்கும், 8800க்கு நான்கு செல் வேண்டும். மொத்தப் பெட்டியே 150 கிராமுக்குக் குறைவு என்றால் எழுதியிருப்பது பொய்.

மின்னல் நேரத்துக்கு இன்னொரு வசதி: இடி வருவதற்கு முன்பே யுபிஎஸ்ஸின் அடப்டரை பிளக் பேஸிலிருந்து கழற்றி, வெளி அன்டெனாவையும் லான் கேபிளையும் எடுத்துவிட்டால் ரவுட்டர் பெட்டரியில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

*மழை பெய்த மறுநாள் சிக்னல் குறைகிறது, வெயில் வந்ததும் சரியாகிறது:* மூட்டில் ஈரம். கழற்றிப் பாருங்கள். நடு ஊசியில் பச்சை படிந்திருந்தால் ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவிட்டு, மீண்டும் டேப் சுற்றுங்கள். கேபிளின் உள்வலையே கறுத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டித்தான் எறிய வேண்டும்.

*சிக்னல் நன்றாக இருக்கிறது, இன்டர்நெட் இல்லை:* டேட்டா முடிந்ததா என்று பாருங்கள். டேட்டா இருந்தால் ஏபிஎன் (கொம்பனியின் இன்டர்நெட்டோடு இணைக்கும் பெயர்) மாறியிருக்கலாம், ரீசெட் செய்த ரவுட்டரில் இது சகஜம். கொம்பனியின் ஹொட்லைனில் சரியான ஏபிஎன் பெயரைக் கேட்டுப் போடுங்கள்.

*தானாக அணைந்து மீண்டும் ஓடுகிறது:* பெரும்பாலும் அடப்டர். யுபிஎஸ் இருந்தால் ரவுட்டரை அதில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். கோளாறு நின்றுவிட்டால் பழைய அடப்டர்தான் குற்றவாளி. அதிலும் தொடர்ந்தால் செருகி தளர்வா என்று பாருங்கள். இரவில் எல்லா வீட்டிலும் ஹீட்டர் போடும் நேரத்தில் மட்டும் வந்தால் வோல்ட்டேஜ் இறங்குகிறது.

*ரவுட்டரை போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது:* அந்த அடப்டரை இன்னொரு முறை செருகாதீர்கள். வேறு அடப்டரிலும் விழுந்தால் பிளக் பேஸில் ஈரம் இறங்கியிருக்கலாம். மெயின் சுவிட்சை ஓஃப் செய்துவிட்டு மின்வேலை தெரிந்தவரை அழையுங்கள். ட்ரிப் சுவிட்சைக் கம்பியால் கட்டியோ நேரடி இணைப்புக் கொடுத்தோ ஓட்டுவது உயிருக்கே ஆபத்து.